கைவினைக் கத்திக்குத் தோல் உறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கத்தி அடிப்பவன் அல்ல, உறை தைப்பவன். பட்டறையில் ஒருவரே உட்கார்ந்து அடித்து, ராவி, பிடி பொருத்தி, தன் முத்திரையையும் குத்தித் தருகிற கத்திகளைச் சேகரிப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். என்ன எஃகு, எவ்வளவு கடினம், பிடிக்கு என்ன மரம் என்று கொல்லரைக் குடைந்தெடுப்பார்கள். உறை என்று வரும்போது மட்டும் "ஏதாவது ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து எனக்குத் தொலைபேசி வரும். அப்படி வரும் அழைப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை.

கத்தியை உறையில் போட்டபடியே அலமாரியில் வைக்கலாமா?

கூடாது. மற்றதையெல்லாம் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

வாழைப்பூவை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் விரலும் கறுக்கும், அரிவாளும் கறுக்கும். பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து தரும் கறுப்பு அது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே கணக்குத்தான். கடுக்காயில் துவர்ப்பு, அன்னபேதியில் இரும்பு. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் இருப்பதும் இந்தத் துவர்ப்புதான். போதாக்குறைக்கு அந்தத் தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. மழைக்காலத்தில் கத்தியை உறைக்குள் விட்டுவைத்தால், உள்ளே மெதுவாக மை காய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு கத்தியைக் கெடுத்திருக்கிறேன். 1095 என்ற கரி எஃகையும் நிக்கல் கலந்த 15என்20 எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி அடித்த, வரியோடிய டமாஸ்கஸ் கத்தி அது. புது உறை தைத்து, கத்தியை உள்ளே செருகி, அழகு பார்த்து மேசை இழுப்பறையில் வைத்தேன். ஐப்பசி வந்தது, கார்த்திகையும் போனது. மார்கழியில் உருவியபோது நிக்கல் வரிகள் மட்டும் அப்படியே மின்னின. அவற்றுக்கு நடுவே கரி எஃகின் மேல் அரிசி மணி அளவுக்குச் செம்புள்ளிகள்; ஒவ்வொன்றையும் சுற்றிக் கருநீல வட்டம். துடைத்தால் போகவில்லை. நகத்தால் தடவினால் குழி தட்டியது. மறுபடி ராவி, மறுபடி அமிலத்தில் தோய்த்து வரியை எழுப்பலாம்தான். ஆனால் அதன்பின் அது அந்தக் கொல்லர் கொடுத்த கத்தி இல்லை.

பித்தளை, நிக்கல் வெள்ளி ஆகியவற்றில் செய்த கைக்காப்பு, அதாவது விரல் கூரின் மேல் வழுக்காமல் பிடிக்கு முன்னால் வைக்கும் தடுப்பு, இருந்தால் இன்னொரு தொல்லை. இரண்டிலும் செம்பு உண்டு. தோலில் ஊறியிருக்கும் கொழுப்பு செம்போடு சேர்ந்து பச்சையாக, மெழுகுபோல் களிம்பு பிடிக்கும். கழுவாத செம்புக் குடத்தில் பார்த்திருப்பீர்களே, அதன் உறவுக்காரன். கண்ணில் பட்டதும் மூங்கில் குச்சியால் சுரண்டித் துடைத்துவிட வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகுக்கும் இந்த விதி உண்டா?

உண்டு. 440சி எஃகில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது. எளிதில் துருப்பிடிக்காது, ஆனால் கறை பிடிக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். டி2 எஃகில் சுமார் 12 சதவீதம்தான். பேச்சுவழக்கில் அதையும் "ஸ்டெயின்லெஸ்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

அப்படியானால் எப்படித்தான் வைப்பது?

கத்தி தனி, உறை தனி. இரண்டும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில். கத்தியைத் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, துணியால் பரப்பி, மீதியைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் பூசியது கண்ணுக்குத் தெரியக் கூடாது. அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு கிடைத்தால் இன்னும் நல்லது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெய்கள் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள்.

ஜப்பானியர்கள் இதைப் பல தலைமுறைக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். இடுப்பில் செருகும் அலங்கார உறையில் அவர்கள் வாளைக் குடிவைப்பதில்லை. வீட்டில் வைக்க, பூச்சு எதுவும் இல்லாத வெறும் மக்னோலியா மர உறை ஒன்று தனியாக உண்டு. அதற்கு ஷிராசாயா என்று பெயர். அதன் இரண்டு பாதிகளையும் சோற்றுப் பசையால்தான் ஒட்டுவார்கள். உள்ளே துருவோ அழுக்கோ சேர்ந்தால் பிளந்து சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம் என்பது ஏற்பாடு.

பெட்டியில்தான் கத்தி இருக்கப்போகிறது என்றால் உறைக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

இரண்டு காரணம். ஒன்று, கத்தி பெட்டியிலேயே இருக்கப்போவதில்லை. நண்பரிடம் காட்ட எடுத்துப் போவீர்கள், கண்காட்சிக்குக் கொண்டுபோவீர்கள், என்றாவது ஒருநாள் தோட்டத்தில் ஒரு கிளையாவது வெட்டிப் பார்ப்பீர்கள். இரண்டு, நல்ல கத்தியும் அதற்கென்றே தைத்த உறையும் ஒரே பொருள். அமெரிக்காவில் ராண்டல் கத்திகளைச் சேகரிப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஃபுளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோவில் 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய பட்டறை அது. அந்தப் பழைய கத்திகளுக்கு டென்வர் நகரத்து ஹெய்சர் நிறுவனத்தார் உறை தைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஜான்சன் என்பவரிடமிருந்து உறைகள் வந்தன. சேகரிப்பவர்கள் கத்தியைப் பார்க்குமுன் உறையைத் திருப்பி ஹெய்சர் முத்திரை இருக்கிறதா, தோலின் பின்புறம் சொரசொரப்பாக இருக்கும் ஜான்சன் உறையா என்று பார்ப்பார்கள். கத்தியின் காலத்தைக் கணிக்க உறைதான் சாட்சி. உறை தொலைந்த கத்திக்கு விலையும் இறங்கிவிடும்.

எந்தத் தோல் நல்லது?

மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் வேண்டாம்.

குரோம் முறை 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகு பரவியது. வாரக்கணக்கில் ஆன வேலையை அது சில நாளில் முடித்தது. உலகத்துத் தோலில் பெரும்பகுதி இன்று அப்படித்தான் பதனிடப்படுகிறது. காலணிக்கும் கைப்பைக்கும் அது அருமையான தோல். ஆனால் துவளும், நனைத்துக் கத்தியின் மேல் அழுத்தினால் அந்த வடிவத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளாது. சரியாக அலசப்படாத குரோம் தோலில் தங்கிவிடும் உப்புகள் எஃகை அரிக்கவும் செய்யும்.

பட்டைத் தோலுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு முடித்து, வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியான "ஈஸ்ட் இந்தியா" தோல் நம்முடையது; அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆவாரம்பட்டையின் இடத்தை இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டை பிடித்துவிட்டது. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி பக்கம் கேட்டால் இன்னும் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடிக்குப் போனால் பெரும்பாலும் ஷூவுக்கான குரோம் தோலைத்தான் காட்டுவார்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நம் மாடுகள் சிறியவை, தோலும் மெலிது. உறைக்கு வேண்டிய தடிமனில் ஒரே தோலாகக் கிடைப்பது அரிது. எருமையில் தடிமன் கிடைக்கும்; ஆனால் மேற்பரப்பு முரடாக இருக்கும். நான் இரண்டு மெல்லிய தோலை ஒட்டிப் பயன்படுத்துவதும் உண்டு. அதை மறைக்காமல் வாங்குபவரிடம் சொல்லிவிடுவேன்.

கடைக்காரர் பட்டைத் தோல் என்கிறார். எப்படிச் சோதிப்பது?

வெட்டுமுனையைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம். பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் பூச்சு போடாத பட்டைத் தோல் உடனே குடித்துக் கருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கும். சந்தேகம் தீரவில்லையா? ஒரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் அப்பளம்போல் சுருண்டு விறைக்கும். குரோம் தோல் பெரும்பாலும் அசையாது.

தடிமன் எவ்வளவு?

நான்கு அங்குல அலகுக்கு 3 முதல் 3.5 மில்லிமீட்டர். வெளிநாட்டு விற்பனையாளர்கள் இதை "8-9 அவுன்ஸ்" என்று எழுதுவார்கள்; எடை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், ஓர் அவுன்ஸ் என்பது ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். பெரிய கத்திக்கு 4 மில்லிமீட்டர் வரை போகலாம். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது உறை அல்ல, பை.

எந்த வடிவம் எடுக்கலாம்?

கத்தியைப் பொறுத்தது. எனக்குப் பிடித்தது பிடியைச் சுற்றிக் கட்டும் பட்டையோ பட்டனோ இல்லாத பை வடிவம். கத்தி பிடியின் பாதிவரை உள்ளே இறங்கும். நனைத்து வடிவமைத்த தோலின் பிடிப்பே கத்தியை நிறுத்தும். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் வேலை செய்த பாப் லவ்லெஸ் இந்த வகையைப் பலரும் அறியச் செய்தார். அவர் 1950களில் கத்தி செய்யத் தொடங்கியதே, ராண்டல் கத்தி ஒன்று வாங்கப் போய், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்ததால்தான் என்பார்கள். கோபம் வந்தால் சிலர் கடிதம் எழுதுவார்கள். அவர் கத்தி செய்துகொண்டார். 2010இல் இறந்தார், இன்று அவருடைய கத்திக்குக் காத்திருந்தாலும் பலனில்லை, ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்.

பிடியைச் சுற்றிப் பட்டையும் பட்டனும் வைத்த உறையும் உண்டு. பெரிய கைக்காப்பு உள்ள கத்திக்கு வேறு வழியில்லை. அதில் ஒரு குறை: அவசரத்தில் உருவும்போது பட்டை கூரின் பாதையில் விழுந்து அறுபடும். அறுபட்ட பட்டையோடு என்னிடம் வந்த உறைகள் கொஞ்சநஞ்சமல்ல.

பின்லாந்தின் புக்கோ கத்திக்கான உறை தனி அழகு. கத்தி முக்கால்வாசிப் பிடிவரை உள்ளே மூழ்கிவிடும். தையல் ஓரத்தில் இல்லாமல் முதுகில் ஓடும். அலகைத் தாங்க உள்ளே மரக் கட்டை ஒன்று இருப்பதால், கூர் தோலையே தொடாது. ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது நம் பழமொழி. பின்லாந்துக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பெரிய புக்கோவின் மேல் சிறிய புக்கோவை ஏற்றி ஒரே உறையில் தொங்கவிடும் வழக்கம் அவர்களுக்கு உண்டு.

தையல் ஓரத்தில் மூன்றாவது தோல் ஒன்று நடுவில் தெரிகிறதே, அது எதற்கு?

அதுதான் உறையின் உயிர். மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவே, கூர் வந்து உட்காரும் ஓரம் முழுக்க ஒரு தோல் பட்டை வைத்துத் தைக்கிறோம், வெல்ட் என்பார்கள். கத்தி இறங்கும்போது கூர் அந்தப் பட்டையில்தான் படும், நூலில் படாது. இது இல்லாத உறையில் பத்துமுறை கத்தியைச் செருகி எடுத்தால் நூல் ஒவ்வொன்றாக அறுந்து, ஒருநாள் கூர் உங்கள் விரல் பக்கமாக வெளியே எட்டிப் பார்க்கும். முனைப் பக்கம் அந்தப் பட்டையை நான் கொஞ்சம் அகலமாகவே விடுவேன். விலை மலிவான உறையில் முதலில் மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். வாங்குமுன் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்து மூன்று அடுக்கு இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

கைத்தையலா, மெஷின் தையலா?

கைத்தையல். மெஷினில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். கையால் தைக்கும்போது ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வரும். ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும். சேணம் தைத்தவர்களின் முறை இது. தேன்மெழுகு தேய்த்த லினன் நூல். அங்குலத்துக்கு ஆறு ஏழு தையல். தோலில் முதலில் மெல்லிய பள்ளம் கீறி, நூல் அதற்குள் அமிழ்ந்து உட்காரும்படி இழுக்க வேண்டும். வெளியே துருத்தும் நூல் இடுப்பில் உரசியே தேய்ந்துவிடும்.

நல்ல மெஷின் தையலை நான் பழிக்க மாட்டேன். சேகரிப்புக்கான கத்தி என்றால் மட்டும் கை.

அளவு எழுதி அனுப்பினால் தைத்துத் தர முடியுமா?

முடியாது. கத்தியே வர வேண்டும். காகிதத்தில் வரைந்த கோடு நீள அகலத்தைச் சொல்லும். பிடியின் வயிறு எங்கே புடைக்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்று சொல்லாது. தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே இறக்கி, கட்டைவிரலாலும் எலும்புத் துண்டாலும் பிடியின் வளைவை ஒட்டி அழுத்திக்கொண்டே வருவேன். தோல் அப்போது பிசைந்த மாவுபோல் இருக்கும். சரியான பதத்தில் அழுத்தினால் பிடியிலுள்ள ஆணியின் வட்டம்கூட மேலே எழும்பும். பிறகு கத்தியை உருவிவிட்டு நிழலில் ஒருநாள் இரண்டுநாள் உலரவிட வேண்டும். அவசரப்பட்டு ஹீட்டர் முன் வைத்தால் சுருங்கிக் கோணிக்கொள்ளும்.

கத்தியைக் கூரியரில் அனுப்பும்போது அலகைக் கெட்டி அட்டையில் மடித்து டேப் ஒட்டுங்கள். செய்தித்தாளில் சுற்றி வந்த ஒரு கத்தி, பெட்டியைத் திறக்குமுன்பே என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டது.

உறை இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் போட்டால் இளகுமா?

இளகும், அதுதான் வம்பு. நம் பெரியவர்கள் புதுச் செருப்பை விளக்கெண்ணெயில் ஊறவைப்பார்கள். கால் கடிக்காமல் இருக்கத் தோல் துவள வேண்டும். உறை துவளக் கூடாது. விறைப்புதான் அதன் வேலை. புது உறை இறுக்கமாக இருப்பது நல்ல குறி. இருபது முப்பது முறை செருகி எடுத்தால் படிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை, வெளிப்புறத்தில் மட்டும், தேன்மெழுகு கலந்த தைலத்தை விரல்நுனியால் தடவினால் போதும்.

தளர்ந்துபோன உறையை மறுபடி நனைத்து அழுத்திப் பார்க்கலாம். எண்ணெய் குடித்த உறை என்றால் அதுவும் பலிக்காது.

பூஞ்சணம் பூத்துவிட்டது.

வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, பஞ்சில் லேசாக ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். முதலில் மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள், சாயம் கரையும். காற்றாட நிழலில் வையுங்கள், வெயிலில் வேண்டாம்.

தாத்தா காலத்து உறை. தொட்டால் கையில் செம்பொடி ஒட்டுகிறது. பாலிஷ் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பட்டைத் தோலுக்கு வயதானால் வரும் நோய் அது. காற்றிலுள்ள கந்தகப் புகையும் தோலின் அமிலமும் சேர்ந்து நாரை அரித்துவிடுகின்றன. பழைய நூலகங்களில் தோல் அட்டை போட்ட புத்தகங்களிலும் இதே செம்பொடியைப் பார்க்கலாம். எண்ணெய் தேய்த்தால் கறுத்து இன்னும் நொறுங்கும். தண்ணீர் பட்டால் விறைத்து வெடிக்கும். பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் ஒருவகை செல்லுலோஸ் பசையை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி, பொடி உதிராமல் நிறுத்துவார்கள். போன தோல் திரும்பி வராது. அந்த உறையில் கத்தியைச் செருகாமல் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அறுந்த தையலைக்கூட நான் தொட மாட்டேன், உடையவர் மிகவும் வற்புறுத்தினாலொழிய.

உடும்புத் தோல், பாம்புத் தோல் வைத்து அலங்கரித்துத் தர முடியுமா?

முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. கஞ்சிராவுக்கே உடும்புத் தோலை விட்டுவிட்டு ஆட்டுத் தோலுக்கு வந்துவிட்டார்கள்; உறைக்கு என்ன கேடு? திருக்கைத் தோலின் முத்து முத்தான மேற்பரப்பு உறைக்கு வெகு பொருத்தம்தான், ஆனால் திருக்கையிலும் சில இனங்கள் பாதுகாக்கப்பட்டவை. எந்த இனம், எங்கே வாங்கியது என்று ரசீது இருந்தால் பேசலாம்.

இந்தக் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போகலாமா?

ஆயுதச் சட்டத்தின் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதில் சேரா. அளவு குறைந்தால் எங்கும் கட்டிக்கொண்டு திரியலாம் என்று இதற்குப் பொருளில்லை. தோளில் மாட்டிய பையின் அடியில், உறையோடு துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். பஸ் நிலையத்தில் போலீஸ்காரருக்கு டமாஸ்கஸ் வரிகளின் அழகை விளக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

நான் இடதுகைக்காரன்.

முதலிலேயே சொல்லிவிடுங்கள். உறையின் முகம் மாறும், பெல்ட் பட்டை மாறும். தைத்தபின் எதுவும் செய்ய முடியாது.

உறையில் என் பெயரைப் பொறித்துத் தருவீர்களா?

கேட்டால் பொறிப்பேன், ஆனால் முகப்பில் அல்ல. கொல்லரின் முத்திரை அலகில் இருக்கிறது. என் முத்திரை உறையின் பின்புறம், பெல்ட் பட்டைக்குக் கீழே சிறியதாக இருக்கும். உங்கள் பெயருக்கு நான் தரும் இடம் பெல்ட் பட்டையின் உட்பக்கம். பட்டையை மடித்துத் தைக்குமுன் அதைப் பொறித்துவிட வேண்டும், ஆகவே எழுத்துப்பிழை இல்லாமல் முதலிலேயே எழுதி அனுப்புங்கள். "சண்முகம்" என்பதற்கு மூன்று சுழி 'ண' என்று தொலைபேசியில் சொன்னதை நான் இரண்டு சுழியாகக் குத்திவிட்ட உறை ஒன்று இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. என் அளவுகோலையும் குத்தூசியையும் அதில்தான் செருகி வைத்திருக்கிறேன்.